நான்கு புள்ளி, ஒரே துருவம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு அறிவியல் இணைப்பில் இடைச்செருகல் (தெரிந்த சில புள்ளிகள் வழியாகப் போகும் சார்பைக் கண்டு, இடைப்பட்ட மதிப்புகளைக் கணிப்பது) பற்றி வந்த கட்டுரை எளிமையாக இருந்தது. ஆனால் புள்ளிகள் கூடக்கூடத் துல்லியமும் கூடும் என்ற பொருளில் அதை முடித்திருக்கிறார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இக்கடிதம். இடைச்செருகலுக்கான நியூட்டன், இலக்ராஞ்சி சூத்திரங்களைப் படித்த மாணவர்கள் இதே நம்பிக்கையோடு பொறியியல் படிப்புக்கு வருகிறார்கள். கருவியில் அளந்த தரவு கைக்கு வந்ததும் அதே சூத்திரத்தில் போடுகிறார்கள். வரைபடம் பேயாட்டம் ஆடுகிறது. அப்போது அளவீடு தப்பு என்று கருவியைத் திட்டுகிறார்கள்.

செய்தித்தாளில் சூத்திரம் அச்சிடுவது அச்சுக்கோர்ப்பவருக்குத் தொல்லை. அதனால் பின்னங்களும் சொற்களுமாகவே எழுதுகிறோம். கையில் ஒரு தாள் இருந்தால் போதும்.

எக்ஸ் 0 ஆகும்போது மதிப்பு 1. எக்ஸ் 1 எனில் 1/2. 2 எனில் 1/3. 3 எனில் 1/4. நான்கு புள்ளி, ஆகவே மூன்றாம் படிப் பல்லுறுப்புக்கோவை ஒன்றே ஒன்று அவை வழியாகப் போகும். இதுவரை கட்டுரை சொன்னது சரி. அந்தக் கோவையின்படி எக்ஸ் 4-ல் என்ன வரும்? மூன்றாம் படிக்கு நான்காம் வேறுபாடு பூச்சியம். எனவே 4 × 1/4 − 6 × 1/3 + 4 × 1/2 − 1 என்று கணக்கிட்டால் 1 − 2 + 2 − 1, அதாவது 0. எக்ஸ் 5-ல் −2/3. எண்களைப் பார்த்த எந்தப் பள்ளி மாணவியும் 1/5, 1/6 என்று சொல்லியிருப்பார். அவர் கண்ணுக்குத் தெரிந்த 1/(எக்ஸ் + 1) என்ற வடிவம் சூத்திரத்துக்குத் தெரியவில்லை, ஏனென்றால் பல்லுறுப்புக்கோவையில் பகுதி (பின்னத்தின் கீழே எக்ஸோடு வரும் கோவை) என்ற ஒன்றே கிடையாது.

இது புறச்செருகல் (புள்ளிகளுக்கு வெளியே கணிப்பது), அப்படித்தான் இருக்கும் என்று சிலர் சமாதானம் சொல்லலாம். புள்ளிகளுக்கு நடுவிலும் இதே கதைதான் என்பதை ஜெர்மானியக் கணிதர் ரூங்கே 1901-லேயே காட்டிவிட்டார். −1 முதல் 1 வரை, 1/(1 + 25 எக்ஸ் வர்க்கம்) என்ற சாதுவான சார்பு. சம இடைவெளியில் 11 புள்ளிகள் எடுத்தால் மிகப் பெரிய பிழை ஏறத்தாழ 1.9. சார்பின் உச்ச மதிப்பே 1 என்பதை நினைவில் வையுங்கள். 21 புள்ளிகள் எடுத்தால் பிழை 60-ஐ ஒட்டிப் போகிறது. புள்ளிகளை ஓரங்களில் நெருக்கி, நடுவில் தளர்த்தி வைத்தால் (செபிஷெவ் புள்ளிகள்) இந்த நோய் தீரும். ஆனால் அளவீட்டுக் கருவிகள் பெரும்பாலும் சம இடைவெளியில்தான் அளந்து தருகின்றன.

சரி, பகுதியோடு கூடிய விகிதமுறு சார்பை எப்படிக் கண்டுபிடிப்பது? படி எத்தனை என்பது நமக்கு முன்கூட்டித் தெரியாதே? இங்கேதான் லோவ்னர் அணி வருகிறது. பிராக்கில் கியோர்க் பிக்கிடம் பயின்ற காரல் லோவ்னர், 1934-ல் வேறொரு கேள்விக்காக (அணிகளின் ஏறுமுகச் சார்புகள்) அமைத்த அணி இது. 1986-ல் அந்தூலாஸ், ஆண்டர்சன் இருவரும் இதை விகிதமுறு இடைச்செருகலின் அடித்தளமாக்கினார்கள். 2007-ல் மேயோ, அந்தூலாஸ் கட்டுரை அதை அணி மதிப்புள்ள சார்புகளுக்கும், அளந்த தரவிலிருந்து நேராக மாதிரி எழுதுவதற்கும் விரித்தது.

செய்முறை இவ்வளவுதான். புள்ளிகளை இரண்டு கூட்டமாகப் பிரியுங்கள். 1, 3 இரண்டும் நிரைகளுக்கு. 0, 2 இரண்டும் நிரல்களுக்கு. ஒவ்வொரு கட்டத்திலும் நிரைப் புள்ளியின் மதிப்பிலிருந்து நிரல் புள்ளியின் மதிப்பைக் கழித்து, அதைப் புள்ளிகளின் வித்தியாசத்தால் வகுத்து எழுதுங்கள். முதல் நிரை −1/2, −1/6. இரண்டாம் நிரை −1/4, −1/12. இரண்டாம் நிரை முதல் நிரையில் சரிபாதி. அணிக்கோவை 0, தரம் (ஒன்றையொன்று சாராத நிரைகளின் எண்ணிக்கை) 1. நான்கு புள்ளிகள் இருந்தாலும் தரவுக்குள் இருப்பது ஒரே ஒரு துருவம் (பகுதி பூச்சியமாகும் இடம்) என்று அணியே சொல்லிவிட்டது. நாற்பது புள்ளிகள் எடுத்து 20-க்கு 20 அணி அமைத்தாலும் தரம் 1-ஐத் தாண்டாது.

தரம் 1 என்பதால் ஒரு நிரை, ஒரு நிரல் போதும். நிரைக்குப் புள்ளி 1 (மதிப்பு 1/2), நிரலுக்குப் புள்ளி 0 (மதிப்பு 1). லோவ்னர் எண் −1/2. இதற்குத் துணையாக ‘நகர்த்திய’ லோவ்னர் எண் ஒன்று வேண்டும். மதிப்புகளை முதலில் அவற்றின் புள்ளிகளால் பெருக்கிவிட்டுப் பிறகு அதே கழித்தலும் வகுத்தலும்: (1 × 1/2 − 0 × 1) ÷ (1 − 0) = 1/2. விடை: இரு மதிப்புகளின் பெருக்கல் 1/2-ஐ, (நகர்த்திய எண் − எக்ஸ் × லோவ்னர் எண்) ஆல் வகுக்க வேண்டும். பகுதி 1/2 + எக்ஸ்/2. விடை 1/(1 + எக்ஸ்). சமன்பாட்டுத் தொகுதி எதையும் தீர்க்கவில்லை, பகுதியின் படியை ஊகிக்கவும் இல்லை. பெரிய தரவுக்கும் இதே வரிதான். எண்களுக்குப் பதில் அணிகள், வகுத்தலுக்குப் பதில் நேர்மாறு.

சார்போடு ஒரு மாறிலியும் ஒட்டியிருந்தால், அதாவது 1 + 1/(எக்ஸ் + 1) போல, லோவ்னர் அணியின் தரம் 1-ஆகவே இருக்கும், ஏனென்றால் கழிக்கும்போது மாறிலி போய்விடும். ஆனால் நகர்த்திய அணியின் நிரைகள் 3/2, 7/6; 5/4, 13/12 என்று வந்து தரம் 2 ஆகும். இரண்டு அணிகளின் தரத்தையும் ஒப்பிடாமல் லோவ்னரை மட்டும் பார்த்து அணியை வெட்டினால் அந்த மாறிலி மாதிரியில் வராமல் போய்விடும். முறையாகப் பாடம் கேட்டவர்களும் மறக்கிற இடம் இது.

விகிதமுறு சார்புக்குப் பல்லுறுப்புக்கோவைக்கு இல்லாத ஒரு வில்லங்கமும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. 0-ல் 1, 1-ல் 1, 2-ல் 2. தொகுதியும் பகுதியும் முதல் படி என்று வைத்து, பகுதியைக் குறுக்கே பெருக்கி நேரியல் சமன்பாடுகளாக எழுதுங்கள். கிடைப்பது (எக்ஸ் − 2)/(எக்ஸ் − 2). சமன்பாடுகள் மூன்றும் சரியாகின்றன. எக்ஸ் 2-ல் இருபக்கமும் 0. ஆனால் சுருக்கினால் சார்பு 1 என்ற மாறிலி. 2-ல் 2 வர வேண்டியதற்கு 1 வருகிறது. இதை எட்டாப் புள்ளி என்பார்கள். கணினி எந்த எச்சரிக்கையும் தராமல் விடையை நீட்டிவிடும்.

எட்டாப் புள்ளியைப் பிடிக்கவும் லோவ்னர் அணியே உதவும். இங்கே தரம் 1. அப்படியானால் எந்த இரு புள்ளிகளை எடுத்தாலும் வரும் 1-க்கு 1 லோவ்னர் எண் பூச்சியமாகக் கூடாது. 0, 1 எடுத்தால் (1 − 1) ÷ 1 = 0. சோதனை தோற்றது. அந்தூலாஸ்–ஆண்டர்சன் விதிப்படி இந்த நிலையில் மிகச் சிறிய படி 1 அல்ல; மொத்தப் புள்ளிகளிலிருந்து தரத்தைக் கழித்த 3 − 1 = 2. எக்ஸை (எக்ஸ் − 1) ஆல் பெருக்கி, பாதியாக்கி, 1 கூட்டுங்கள். மூன்று புள்ளிகளும் பொருந்தும். இந்த இடத்தில் பழைய பல்லுறுப்புக்கோவைக்கே வெற்றி.

இனி அணிகள். இரண்டு முனைகள் உள்ள ஒரு மின்வடிகட்டியை நெட்வொர்க் அனலைசர் என்ற அளவீட்டுக் கருவியில் மாட்டினால், ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் ஓர் எண்ணுக்குப் பதில் 2-க்கு 2 அணி வரும்: இந்தப் பக்கம் அனுப்பியதில் இங்கேயே திரும்பியது எவ்வளவு, அந்தப் பக்கம் போனது எவ்வளவு, மறுபக்கமிருந்தும் அப்படியே. நான்கு உறுப்புகளுக்கும் நான்கு தனித்தனி விகிதமுறு சார்புகள் பொருத்திவிட்டால் போயிற்று என்று தோன்றும். நடைமுறையில் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு இதுதான், கட்டுரையிலும் அணிகள் பற்றி இருந்த ஒரே வரி இதையே பரிந்துரைத்தது.

முதல் நிரை 1, 2; இரண்டாம் நிரை 2, 4 என்ற அணியை (எக்ஸ் + 1) ஆல் வகுங்கள். உறுப்புகள் நான்கிலும் −1-ல் துருவம். தனித்தனியாகப் பொருத்தினால் நான்கு துருவங்கள் உள்ள மாதிரி. உண்மையில் மேலே உள்ள அணியின் தரம் 1 (இரண்டாம் நிரை முதலின் இருமடங்கு), எனவே ஒரே துருவம் போதும். இதற்கு மாறாக 1, 0; 0, 1 அணியை அதே (எக்ஸ் + 1) ஆல் வகுத்தால் இரண்டு துருவங்கள் வேண்டும். பகுதி இரண்டிலும் ஒன்றே. ஆக, பகுதியைப் பார்த்து அணிச் சார்பின் படியைச் சொல்ல முடியாது. ஒவ்வொரு துருவத்திலும் உள்ள எச்ச அணியின் (அந்தத் துருவத்துக்குரிய பின்னத்தின் மேலே நிற்கும் அணி) தரத்தைப் பார்க்க வேண்டும். இந்தப் படிக்கு மக்மில்லன் படி என்று பெயர். எட்டு முனைக் கருவியில் 64 உறுப்புகள். ஒவ்வொன்றுக்கும் 10 துருவம் என்றால் தனித்தனிப் பொருத்தலில் 640 துருவங்கள். எச்சங்கள் எல்லாம் தரம் 1 எனில் உண்மையான படி வெறும் 10. பிறகு படியைக் குறைத்துக்கொள்ளலாமே என்றால், இரைச்சல் விடாது. தனித்தனியாகப் பொருத்தியபின் ஒரே துருவம் ஓர் உறுப்பில் −1.002 என்றும் இன்னொன்றில் −0.997 என்றும் வந்து நிற்கும். அவை ஒன்றுதான் என்பதை அதன்பிறகு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அணிகளுக்கு லோவ்னர் முறை திசைகளோடு வருகிறது. நிரல் கூட்டத்துப் புள்ளி ஒவ்வொன்றிலும் அணியை வலப்பக்கம் ஒரு திசையனால் பெருக்கிக் கிடைக்கும் நிரலை மட்டும் பொருத்துகிறோம். நிரைக் கூட்டத்தில் இடப்பக்கத் திசையன். ஒரு கட்டத்து எண், இடத் திசையாலும் வலத் திசையாலும் சுருக்கிய அணி வித்தியாசத்தைப் புள்ளிகளின் வித்தியாசத்தால் வகுத்தது. 200 அதிர்வெண்கள், அவற்றின் இணைக் கலப்பெண்களோடு 400 புள்ளிகள் என்றால் 200-க்கு 200 அணியோடு வேலை முடியும். இரு முனைக் கருவிக்கு முழு அணிகளையும் அடுக்கினால் 400-க்கு 400.

திசையைத் தேர்வதில் அலட்சியம் கூடாது. மேலே சொன்ன 1, 2; 2, 4 அணியை (2, −1) என்ற திசையால் பெருக்கினால் 0, 0. துருவம் அங்கேயே இருக்கிறது, ஆனால் அந்தத் திசையில் பார்ப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. இதுகூட அபூர்வம் என்று விடலாம். அடிக்கடி நடப்பது வேறு: எல்லாப் புள்ளிகளுக்கும் வசதியாக (1, 0) என்ற ஒரே திசையை வைத்துவிடுவது. மூலைவிட்டத்தில் 1/(எக்ஸ் + 1), 1/(எக்ஸ் + 2) உள்ள அணிக்கு அப்படிச் செய்தால் −2-ல் உள்ள துருவம் கடைசி வரை அகப்படாது. முனைகளுக்கு ஏற்ப (1, 0), (0, 1) என்று மாறி மாறி வைத்தால் பெரும்பாலும் போதும். சந்தேகம் இருந்தால் தற்செயல் திசைகளை எடுத்து, தரம் மாறுகிறதா என்று மறுபடி பாருங்கள்.

அணிச் சார்பைப் பின்னமாக எழுதும்போது தொகுதியும் பகுதியும் பல்லுறுப்புக்கோவை அணிகள். பெருக்கலில் வரிசை மாற்றக் கூடாது என்பதால் பகுதியின் நேர்மாறு வலப்பக்கமா இடப்பக்கமா என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். பொதுக் காரணியையும் அதே பக்கம்தான் தேட வேண்டும். பகுதி அணியின் அணிக்கோவை எங்கே பூச்சியமோ அங்கே துருவம் (பொதுக் காரணி இல்லாதவரை). இந்த அணிக்கோவையை விரித்து எழுதாமல் கணக்கிடவும் இடைச்செருகலே கைகொடுக்கும். 3-க்கு 3 அணி, உறுப்புகள் இரண்டாம் படி என்றால் அணிக்கோவையின் படி 6-ஐ மிஞ்சாது. 7 புள்ளிகளில் எண் அணிக்கோவைகளைக் கண்டு இடைச்செருகினால் கோவை வந்துவிடும். இங்கே தேடுவது பல்லுறுப்புக்கோவைதான், படியின் வரம்பும் தெரியும். கட்டுரை சொன்ன முறை முழுக்கச் செல்லுபடியாகும் இடம் இது. புள்ளிகளை 0, 1, 2, 3 என்று எடுக்காமல் அலகு வட்டத்தில் சம இடைவெளியில் எடுத்தால் கெழுக்கள் ஃபூரியே மாற்றத்தால் கிடைக்கும், முழுமைப்படுத்தும் பிழை பெருகாது.

இதிலும் ஒரு குழி உண்டு. முதல் நிரை எக்ஸ் + 1, எக்ஸ். இரண்டாம் நிரை எக்ஸ், எக்ஸ் − 1. படி 2 வரை வரலாம், ஆகவே மூன்று புள்ளிகள்: 0-ல் −1, 1-ல் −1, 2-ல் −1. அணிக்கோவை −1 என்ற மாறிலி, மூலமே கிடையாது. முழு எண்களில் செய்ததால் நமக்குத் தெரிந்தது. கணினியின் தசமக் கணக்கில் வர்க்கத்தின் கெழு 0-க்குப் பதில் 0.0000000000000001 என்று வந்துவிட்டால், மூலம் தேடும் கணினி நிரல் எக்ஸ் பத்துக் கோடி என்ற இடத்தில் ஒன்று, அதன் எதிர்க்குறியில் ஒன்று என்று இரண்டு பொய்த் துருவங்களைக் கண்டுபிடித்துத் தரும். முன்கூட்டியே அறிய வழி: ஒவ்வொரு நிரலின் மிகுபடிக் கெழுக்களை மட்டும் எடுத்து அணி அமையுங்கள். இங்கே அது 1, 1, 1, 1. அதன் அணிக்கோவை 0 என்றால் எதிர்பார்த்த படி குறையும் என்று பொருள்.

அளந்த தரவுக்கு வந்தால், மேலே கையால் போட்ட கணக்கில் பார்த்த சுத்தமான 0 எங்கும் வராது. தரத்தை அணிக்கோவையால் முடிவு செய்யாமல் சிங்குலர் மதிப்புகளை (அணியிலிருந்து கணக்கிடும் எண்கள்; பூச்சியமல்லாதவை எத்தனையோ அதுவே தரம்) இறங்குவரிசையில் போட்டுப் பார்க்க வேண்டும். பிழையற்ற தரவில் அவை ஓரிடத்தில் பாறை விளிம்பு போல விழும். அளந்த தரவில் இரைச்சல் மட்டத்துக்கு இறங்கி அங்கேயே தட்டையாக நீளும். அந்த முழங்கால் வளைவில் வெட்ட வேண்டும். வளைவு எங்கே என்று கண்ணளவில் சண்டை போடுவதைவிட ஒரு நல்ல வழி: வடிகட்டி போன்ற பரிமாற்றச் சமச்சீர் உள்ள கருவியில் இங்கிருந்து அங்கே போவதும் அங்கிருந்து இங்கே வருவதும் சமம். அளந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இரைச்சலின் அளவு பற்றிய நம் முதல் மதிப்பீடு. அதற்குக் கீழே உள்ள நுணுக்கத்தைப் பொருத்த முயன்றால், துருவமும் பூச்சியமும் (சார்பின் மதிப்பு 0 ஆகும் இடம்) ஏறக்குறைய ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்ட ஜோடிகள் முளைக்கும். எச்சம் மிகச் சிறிதாக இருப்பதே அவற்றின் அடையாளம்.

இன்னும் சில. அதிர்வெண்ணை ஹெர்ட்ஸிலேயே வைத்துக்கொண்டு ஜிகாஹெர்ட்ஸ் தரவைப் போட்டால் லோவ்னர் அணியும் நகர்த்திய அணியும் நூறு கோடி மடங்கு வேறுபடும், தர முடிவு கெட்டுவிடும். முதலில் அலகை மாற்றுங்கள். மெய்க் கெழுக்கள் வேண்டுமென்றால் ஒவ்வொரு புள்ளியும் தன் இணைக் கலப்பெண்ணோடு ஒரே கூட்டத்தில் இருக்க வேண்டும், ஒன்று நிரையிலும் மற்றது நிரலிலும் போய்விடக் கூடாது. கூட்டம் பிரிக்கும்போது முதல் பாதி, பின் பாதி என்று பிரிக்காமல் ஒன்றுவிட்டு ஒன்றாக எடுங்கள். பாதி பாதியாகப் பிரித்தால் சிங்குலர் மதிப்புகள் தாமே வேகமாக விழுந்து, தரம் குறைவு போல ஏமாற்றும்.

கடைசியாக, புள்ளிகள் பொருந்திவிட்டன என்பதால் மாதிரி நிலைப்பானது என்றோ, சக்தியை உற்பத்தி செய்யாதது என்றோ ஆகிவிடாது. நிலைப்பைக் கெடுக்கும் பக்கத்தில் விழுந்த துருவத்தை எடுத்துப் போட்டால் பொருத்தம் கெடும். இப்படிக் கட்டுப்பாட்டோடு பொருத்த முடியுமா என்ற கேள்விக்கு பிக் 1916-லும், அவரைச் சாராமல் நெவன்லின்னா 1919-லும் விடை தந்தார்கள். அலகு வட்டத்துக்குள் எங்கும் அளவு 1-ஐத் தாண்டாத சார்பு வேண்டும். 0-ல் 0, 1/2-ல் 3/4. பிக் அணியின் ஒவ்வொரு கட்டமும், (1 − இரு மதிப்புகளின் பெருக்கல்) ÷ (1 − இரு புள்ளிகளின் பெருக்கல்): நிரைகள் 1, 1; 1, 7/12. அணிக்கோவை −5/12. எதிர்க்குறி வந்தால் அப்படியொரு சார்பே கிடையாது, எத்தனை படி கூட்டினாலும் பயனில்லை. 3/4-ஐ 1/4 ஆக்கினால் கடைசி உறுப்பு 5/4, அணிக்கோவை 1/4, தாராளமாக முடியும். அந்த பிக், 1942-ல் நாஜிகளின் தெரசியன்ஸ்டாட் முகாமில் இறந்தார். அவர் மாணவர் லோவ்னர் 1939-ல் அமெரிக்காவுக்குத் தப்பியிருந்தார்.

அடுத்த இணைப்பில் இடம் இருந்தால் வாசகர்களுக்கு இந்தப் புதிரைப் போடுங்கள். எக்ஸ் 0 முதல் 5 வரை மதிப்புகள்: 3/2, 2/3, 5/12, 3/10, 7/30, 4/21. 1, 3, 5 நிரைக்கு. 0, 2, 4 நிரலுக்கு. ஐந்தாம் படிப் பல்லுறுப்புக்கோவை எக்ஸ் 6-க்கு −3/28 என்று சொல்லும். லோவ்னர் அணியின் தரம் பார்த்தவர்களுக்கு 9/56 கிடைக்க வேண்டும்.

இப்படிக்கு,
கட்டுப்பாட்டுப் பொறியியலும் எண்ணியல் கணிதமும் கற்பிக்கும் இருவர்,
கோயம்புத்தூர்